68 வயதில் துணை தேடுவது தப்பா?

கேள்வி: எனக்கு 68 வயது. வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் மன்னார்குடி. மூன்று வருடத்துக்கு முன்பு மனைவி தவறிவிட்டாள். அதிலிருந்து சென்னை வேளச்சேரியில் மகன் வீட்டில் இருக்கிறேன். மகன், மருமகள் இருவருக்கும் ஐ.டி. வேலை. பேரன் எட்டாவது படிக்கிறான். யாரும் என்னைக் குறையாக நடத்தவில்லை. சாப்பாடு, மாத்திரை, ஆஸ்பத்திரி எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. ஆனால் காலையில் மகன் "வர்றேம்பா" என்பதும், ராத்திரி மருமகள் "மாமா, சாப்பாடு டேபிள்ல இருக்கு" என்பதும்தான் ஒரு நாளில் என்னிடம் பேசப்படும் பேச்சு. அவர்களுக்குள் பேசிக்கொள்வது எனக்குச் சரியாகக் காதில் விழுவதில்லை. "என்ன, என்ன" என்று கேட்டால் பேரன் "ஒண்ணுமில்ல தாத்தா" என்று போய்விடுகிறான். ஊரில் இருந்தவரை தினமும் காலையில் நண்பர்களோடு ஹரித்ரா நதி என்கிற கோயில் குளத்தைச் சுற்றி நடப்பேன். இங்கே லிஃப்டில் இறங்கி ஏறுவதோடு சரி.

போன வருடம் திருக்கடையூரில் ஒரு சொந்தக்காரரின் அறுபதாம் கல்யாணத்தில், என் அப்பாவின் சித்தப்பா மகளுடைய பெண்ணைப் பல வருடம் கழித்துப் பார்த்தேன். எனக்கு அத்தை மகள் முறை. வயது 61. அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்த கணவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. மகள் பெங்களூரில். இவர் கும்பகோணத்தில் தன் வீட்டில் தனியாக இருக்கிறார். அன்று போன் நம்பர் வாங்கிக்கொண்டோம். இப்போது தினமும் சாயங்காலம் நாலரை மணிக்குப் பேசுகிறோம். ஹாலில் மனைவியின் படம் மாட்டியிருப்பதால் மொட்டை மாடிக்குப் போய்த்தான் பேசுவேன். "அத்தான், கால் வீக்கம் வத்துச்சா?" என்று அவர் கேட்டால் எனக்குக் கண் கலங்கிவிடுகிறது. கத்திரிக்காய் எனக்கு ஆகாது என்பது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும். அவர் மேல் அன்பு வந்துவிட்டது. வெறும் சொந்தக்காரப் பாசம் இல்லை என்று எனக்கே தெரிகிறது. அவரிடம் சொல்லவில்லை. இந்த வயதில் இது அசிங்கமா? பேச்சை நிறுத்திவிடலாமா? மகனிடம் சொல்லலாமா? மன்னார்குடி வீட்டை விற்றுவிட்டு ஃபிளாட் கடனை அடைக்கலாம் என்று மகன் சொல்லிக்கொண்டிருக்கிறான். எதிலும் முடிவெடுக்க முடியவில்லை. சில ராத்திரி, காலையில் கண் விழிக்காமல் போனால் நல்லது என்று தோன்றுகிறது.

பதில்:

ஐயா, வணக்கம்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருவதற்கு முன்னால் கடிதத்தின் கடைசி வரியைப் பற்றிப் பேசிவிடுகிறேன். மற்றதையெல்லாம் விரிவாக எழுதிவிட்டு அதை மட்டும் ஒற்றை வரியில் முடித்திருக்கிறீர்கள். வயதானவர்கள் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். கேட்பவர்களும் "வயசானா அப்படித்தான் தோணும்" என்று விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாத வரி அது. அந்த எண்ணம் எத்தனை நாளாக வருகிறது, எண்ணத்தோடு நின்றுவிடுகிறதா, ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற அளவுக்குப் போகிறதா என்பதை ஒரு மருத்துவர் உங்களிடம் நேராகவே கேட்க வேண்டும். நீங்களும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதுமையில் வரும் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வெளியே தெரியாது. உடம்பு அசதி, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, சாப்பாட்டில் பிடிப்பு இல்லாமை, எதிலும் முடிவெடுக்க முடியாமை என்று வரும். கடைசியாகச் சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தைராய்டு குறைந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கும். அதை ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். மனச்சோர்வுதான் என்றாலும் பயப்பட வேண்டாம். மருந்தும், மனநல ஆலோசகரோடு பேசிப் பெறும் சிகிச்சையும் 68 வயதிலும் நன்றாகவே பலன் தரும். வேளச்சேரியிலிருந்து கிண்டி பக்கம்தான். அங்கே கிங் வளாகத்தில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. அங்கேயோ, உங்களுக்குப் பழக்கமான மருத்துவரிடமோ இந்த வாரத்திலேயே போய்விடுங்கள். ராத்திரியில் அந்த எண்ணம் அழுத்தமாக வந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மகன் தூங்குகிறான் என்று பார்க்காமல் அவரையும் எழுப்புங்கள். நாளைக்கு ஆபீஸ் இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். தகப்பனுக்காக ஒரு ராத்திரி கண் விழிப்பது எந்த மகனுக்கும் பாரம் இல்லை.

சரி, இப்போது உங்கள் கேள்வி.

அசிங்கம் இல்லை. தப்பும் இல்லை. மனைவியை இழந்த ஒருவர், கணவரை இழந்த ஒருவர் மேல் அன்பு வைத்திருக்கிறார். இதில் யாரும் ஏமாற்றப்படவில்லை. இந்த அன்பில் உடம்பின் ஆசையும் கொஞ்சம் கலந்திருந்தால் அதுவும் இயல்புதான். அறுபதோடு அது நின்றுவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். விதவை மறுமணத்துக்கு இந்த நாட்டில் 1856-லேயே சட்டம் வந்துவிட்டது. நம் வீடுகள்தான் இன்னும் தயங்கிக்கொண்டு நிற்கின்றன.

ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் அடுத்த அடி வைத்தால் உங்களுக்கும் கஷ்டம், அந்த அம்மாவுக்கும் கஷ்டம். ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் தனிமையை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். மனசுக்கு நெருக்கமான ஒருவர் இல்லாததால் வருவது ஒன்று. நாலு பேரோடு கலந்து பழகும் வட்டம் இல்லாததால் வருவது இன்னொன்று. ஒன்றில் இருக்கும் குறையை இன்னொன்றைக் கொண்டு நிரப்ப முடியாது என்றார் அவர். ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் தினமும் பார்ப்பதும் இதைத்தான்.

உங்களுக்கு இரண்டுமே ஒரே சமயத்தில் போய்விட்டன. மனைவி போனார். அடுத்து ஊரும் போனது. குளத்தைச் சுற்றி நடக்கும் நண்பர்கள், டீக்கடை, கோயில் வாசலில் நின்று பேசும் பேச்சு, "சார், ஒரு பட்டா விஷயம்" என்று வீட்டுக்கு வந்து கேட்கும் ஆட்கள் எல்லாம் அதோடு போய்விட்டன. வருவாய்த் துறையில் இருந்தவரிடம் ஊரே ஏதாவது கேட்டுக்கொண்டிருக்கும். வேளச்சேரியில் உங்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இத்தனை இழப்பையும் இப்போது சாயங்காலம் நாலரை மணிக்கு வரும் ஒரு போன் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஒருநாள் அவர் எடுக்காவிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நாள் முழுக்கவே போய்விடும், இல்லையா? ஒரு மனுஷியின் மேல் இவ்வளவு பாரத்தை வைக்கக் கூடாது ஐயா. அவர் மேல் உங்களுக்கு உள்ள அன்பு நிஜமானதாக இருந்தால், அதற்காகவே முதலில் அந்தப் பாரத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

வீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். மகன், மருமகள் மேல் குறை சொல்லாமல் எழுதியிருக்கிறீர்கள், அது நல்ல மனசு. ஆனால் அவர்கள் ஏன் உங்களிடம் பேசுவதில்லை என்பதற்கு எனக்கு இரண்டு காரணம் தெரிகிறது.

முதல் காரணம் காது. தங்களுக்குள் பேசுவது விழவில்லை, "என்ன, என்ன" என்று கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நீங்கள் வீட்டுக்காரர்களின் அலட்சியமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அது காது மந்தத்தின் அடையாளமாகப் படுகிறது. வயதாகும்போது முதலில் குறைவது மெல்லிய, கூர்மையான சத்தங்களைக் கேட்கும் திறன். ஆண் குரலை விடப் பெண் குரலும் குழந்தைக் குரலும் புரிவது கஷ்டமாகும். பக்கத்தில் டிவி, மிக்ஸி, ஃபேன் சத்தம் இருந்தால் பேச்சு மொத்தமாகக் கலங்கிவிடும். ஆனால் போனைக் காதோடு ஒட்டி வைத்து, சத்தமில்லாத மொட்டை மாடியில் ஒருவரிடம் மட்டும் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்கும்! கும்பகோணத்துக் குரல் உங்களுக்கு அவ்வளவு நெருக்கமாக இருப்பதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். அதைச் சொல்வதால் உங்கள் அன்பை நான் சின்னதாக்கவில்லை. வீட்டுக்குள்ளேயும் அதே தெளிவோடு பேச்சு கேட்டால் என்னவாகும் என்று பார்க்கலாமே என்றுதான் சொல்கிறேன். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் கேட்புத்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையிலும் செய்வார்கள். சில சமயம் காதுக் குறும்பி அடைத்திருந்தாலே இந்தத் தொல்லை வரும், எடுத்துவிட்டால் சரியாகிவிடும். கருவி போட வேண்டும் என்று சொன்னால் வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். முதல் சில வாரம் எரிச்சலாக இருக்கும், கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிடத் தோன்றும். போட்டுவிடாதீர்கள். கேட்காத காதை அப்படியே விடுவது மறதி நோய்க்கான ஆபத்தையும் கூட்டுகிறது என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு சொல்கிறது.

இரண்டாவது காரணம் இன்னும் பழையது. உங்கள் தலைமுறை ஆண்களில் பலர் பிள்ளைகளோடு நேராகப் பேசிப் பழகவில்லை. நடுவில் அம்மாதான் தபால்காரர். "அப்பாகிட்ட பணம் கேளும்மா" என்று பிள்ளை அம்மாவிடம் சொல்லும். "அவன் ஏன் இன்னும் வரலைன்னு கேளு" என்று அப்பாவும் அம்மாவிடம்தான் சொல்வார். முப்பது நாற்பது வருடம் வீடு இப்படியே ஓடும். யாருக்கும் குறை தெரியாது. அந்த அம்மா போன பிறகுதான், ஒரே கூரையின் கீழ் இருக்கும் அப்பாவுக்கும் மகனுக்கும் நேராகப் பேசும் பழக்கமே இல்லை என்பது தெரியவரும். உங்கள் மகனுக்கும் உங்களிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் இருக்கலாம். கத்திரிக்காய் உங்களுக்கு ஆகாது என்பது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னீர்களா? அதை இத்தனை நாள் உங்களுக்காகச் சொன்னவர் உங்கள் மனைவி. இப்போது நீங்களேதான் சொல்ல வேண்டும். "எனக்குக் கத்திரிக்காய் ஆகாதும்மா, அரிப்பு வந்துடும்" என்று மருமகளிடம் நாளைக்கே சொல்லிப் பாருங்கள். ராத்திரி எட்டு மணிக்குக் களைத்து வரும் பெண் அவர். உங்களிடம் எதையாவது கேட்டால் உங்களுக்குச் சங்கடமாகிவிடுமோ என்றுகூட ஒதுங்கியிருப்பார்.

வீட்டில் ஏதாவது ஒரு பொறுப்பை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். "ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்காதீர்கள், "ஒண்ணும் வேணாம் மாமா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றுதான் பதில் வரும். காய்கறி இனிமேல் நான்தான் வாங்குவேன் என்று சொல்லிவிடுங்கள். காய் வாங்கினால் கடைக்காரரிடம் பேச்சு, என்ன சமையல் என்று மருமகளிடம் பேச்சு, விலை பற்றி மகனிடம் பேச்சு. மகனோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேச வராத ஆண்களுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது சுலபமாக இருக்கும். பேரனிடம் உங்கள் போனில் ஏதாவது சொல்லித்தரக் கேளுங்கள். தாத்தாவுக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்பதில் பிள்ளைகளுக்குத் தனி சந்தோஷம்.

வீட்டுக்கு வெளியேயும் ஒரு வட்டம் வேண்டும். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டூர்புரத்தில் இறங்கி அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடலாம். வாரத்தில் இரண்டு நாள் அங்கே போனாலே தெரிந்த முகங்கள் சேர்ந்துவிடும். 60 வயது நிறைந்த சென்னைவாசிகளுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் தருகிறார்கள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குடியிருப்பிலேயே பட்டா, வாரிசுச் சான்று என்று அலைகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். எந்த அலுவலகத்துக்கு எந்தக் காகிதத்தோடு போக வேண்டும் என்று சொல்ல வருவாய்த் துறைக்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்பது தெரிந்தால் கதவைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள். உங்களுக்கு அதுதான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

இனி அந்த அம்மாவைப் பற்றி.

உங்கள் கடிதம் முழுக்க உங்கள் மனசு இருக்கிறது. அவர் மனசில் என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்பதால் அது இயல்புதான். ஆனால் மகனிடம் சொல்வதா வேண்டாமா என்பதற்கு முன்னால் தீர வேண்டிய கேள்வி இது. எட்டு வருடமாக அவர் தன் வீட்டில் தன் விருப்பப்படி இருக்கிறார். அந்த வயதில் உள்ள பல பெண்கள் என்னிடம் சொல்வது ஒன்று உண்டு: பேசத் துணை வேண்டும், ஆனால் மறுபடியும் ஒருவருக்கு மூன்று வேளை சமைத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலையும் வாழ்க்கை வேண்டாம். நாற்பது வருடம் அதைச் செய்தாகிவிட்டது என்பார்கள். உங்கள் அத்தை மகளும் அப்படி நினைக்கலாம், நினைக்காமலும் இருக்கலாம். உங்கள் கால் வீக்கத்தை அவர் அக்கறையாக விசாரிக்கிறார். அவருடைய முழங்கால், அவருடைய ரத்த அழுத்தம், ராத்திரி தனி வீட்டில் படுப்பதில் அவருக்குள்ள பயம், இதையெல்லாம் நீங்கள் விசாரிக்கிறீர்களா? அடுத்த சில நாள் பேச்சில் இதைக் கவனியுங்கள். யார் அதிகம் கேட்கிறார், யார் அதிகம் சொல்கிறார் என்று பாருங்கள்.

பிறகு சொல்லுங்கள். போனில் வேண்டாம், நேரில் பார்க்கும்போது சொல்லுங்கள். சுற்றி வளைக்காமல், "உங்களோட பேசறது எனக்கு ரொம்ப ஆறுதலா இருக்கு. சொந்தம்ங்கறதைத் தாண்டி உங்க மேல பிரியம் வந்திருக்கு. உங்களுக்கு அப்படி இல்லைன்னா சொல்லிடுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்ற அளவில் போதும். அதோடு நிறுத்திவிடுங்கள், பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழி இருக்க வேண்டும். சொன்ன பிறகும் பழைய உறவு முறிந்துவிடாது என்ற நம்பிக்கையும் இருக்க வேண்டும். அவர் பதில் சொல்லும்வரை எந்தச் சொந்தக்காரரிடமும் வாய் திறக்காதீர்கள். இப்படி ஒரு விஷயம் வெளியே வந்தால் ஊர் உங்களைக் கேலி செய்வதோடு விட்டுவிடும். அவரைத்தான் ஏசும். கும்பகோணத்தில் அதே தெருவில் காலம் தள்ள வேண்டியவர் அவர்.

அவரும் சம்மதித்தால் அடுத்தது என்ன என்பதற்கு ஒரே வழி என்று இல்லை. தினமும் பேசிக்கொள்ளும் துணையாகவே கடைசிவரை இருக்கலாம். அவரவர் வீட்டில் இருந்துகொண்டு அடிக்கடி பார்த்துக்கொள்ளலாம். கல்யாணமும் செய்துகொள்ளலாம். உறவுமுறை தடையாக இருக்காது. இந்து திருமணச் சட்டம் 1955 அப்பா வழியில் ஐந்து தலைமுறை, அம்மா வழியில் மூன்று தலைமுறைக்குள் வரும் நெருங்கிய சொந்தத்தில் கட்டக் கூடாது என்கிறது, வழக்கம் இருக்கும் இடத்தில் அதற்கும் விலக்கு தருகிறது. அத்தை மகள் முறையில் கட்டுவது நம் பக்கம் காலம் காலமாக உள்ள வழக்கம். பெரிய சடங்கும் வேண்டியதில்லை. 1967-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தின்படி உறவினர் நண்பர்கள் முன்னால் மாலை மாற்றிக்கொண்டாலே அது சட்டப்படி திருமணம். பிறகு பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆனால் ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கணவரின் வேலைக்காக அவருக்கு மாதாமாதம் குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கும். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின்படி மறுமணம் செய்துகொண்டால் அது நின்றுவிடும். தன் கையில் வரும் சொந்தப் பணம் அது. அதை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் உங்கள் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு அவர் வர வேண்டுமா என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும், நீங்கள் பரிந்து பேசக் கூடாது. உங்கள் ஓய்வூதியத்தில் புது மனைவிக்கு என்ன உரிமை வரும் என்பதைக் கருவூலத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அரசு வேலை பார்த்த உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மகனிடம் சொல்வது அதற்குப் பிறகுதான். மருமகள், பேரன் இல்லாமல் அவரிடம் மட்டும் முதலில் சொல்லுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நடை அதற்கு நல்ல இடம். "எனக்குத் துணையா பேச ஒருத்தர் இருக்காங்க. வேற யார் சொல்லியும் உனக்குத் தெரியக் கூடாதுன்னு நானே சொல்றேன்" என்று ஆரம்பிக்கலாம். அவர் கோபப்படலாம், ஒரு வாரம் பேசாமல்கூட இருக்கலாம். அந்தக் கோபத்துக்குள் அம்மா போன துக்கம் இருக்கும். அம்மா இடத்தில் இன்னொருவரா என்றுதான் பிள்ளை மனசு முதலில் கேட்கும். அப்போது நியாயம் பேசாதீர்கள். அம்மாவைப் பற்றிப் பேசுங்கள். மூன்று வருடத்தில் நீங்கள் இருவரும் உட்கார்ந்து அவரைப் பற்றி ஒரு முறையாவது பேசியிருப்பீர்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

இதோடு, ஹாலில் இருக்கும் படத்துக்காக மொட்டை மாடிக்குப் போவதையும் விட்டுவிடலாம். இறந்தவரை நினைத்து அழுகிற மனசும் இருக்கிற ஒருவர் மேல் பிரியம் வைக்கிற மனசும் ஒன்றுதான். இரண்டும் ஒருவரிடத்தில் இருக்கலாம் என்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். ஒளிந்து ஒளிந்து பேசப் பேசத்தான் தப்பு செய்கிறோம் என்ற எண்ணம் ஊறிப்போகிறது. உங்கள் அறையில் உட்கார்ந்து, யாராவது கேட்டால் "கும்பகோணத்து அத்தை பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். அது உண்மைதானே.

கோபத்துக்கு அடியில் சொத்து பற்றிய கவலையும் இருக்கும், அவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. அதனால் கல்யாணம் வரை போவதாக இருந்தால், நீங்கள் சுயமாகச் சம்பாதித்தது யாருக்கு எவ்வளவு என்று உயில் எழுதி, இரண்டு பக்கப் பிள்ளைகளுக்கும் தெரியும்படி வைத்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். அதற்காக மகனின் சம்மதத்தை வாங்க வீட்டை அவர் பேரில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். என்னிடம் வந்த முதியவர்களில் அதிகம் வருந்தியவர்கள் அவசரத்தில் எழுதிக் கொடுத்தவர்கள்தான். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் கீழ், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற வழி உண்டு. ஆனால் மகன் மேல் மனுக் கொடுக்கும் நிலைக்குப் போவானேன்.

மன்னார்குடி வீட்டை இப்போது விற்காதீர்கள். இதை மகனிடம் இன்றைக்கே சொல்லிவிடலாம், மற்ற எதற்கும் இது காத்திருக்க வேண்டாம். ஃபிளாட் கடன் அவர் சம்பளத்தில் கட்டிக்கொண்டிருக்கும் கடன். அந்த வீடு போனால் நீங்கள் நிரந்தரமாக இன்னொருவர் வீட்டு விருந்தாளி ஆகிவிடுவீர்கள். மனச்சோர்வு இருக்குமோ என்று சந்தேகம் உள்ள நேரத்தில் இவ்வளவு பெரிய முடிவை எடுக்கவே கூடாது. மருத்துவரைப் பார்த்து, அந்த ராத்திரி நினைப்பு அடங்கிய பிறகு, மாதத்தில் பத்து நாள் ஊரில் இருந்து பாருங்கள். எழும்பூரில் ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்ததும் மன்னார்குடியில் இருப்பீர்கள். பழைய நண்பர்கள் எத்தனை பேர் இன்னும் நடக்கிறார்கள் என்று தெரியும். தனியாகச் சமைத்துச் சாப்பிட முடிகிறதா என்று தெரியும். கும்பகோணம் பஸ்ஸில் போய்விட்டுச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடும் தூரம். அந்த அம்மாவிடம் நேரில் பேச வேண்டியதை அப்போது பேசிக்கொள்ளலாம். அதற்குள் ஏதாவது சட்டச் சந்தேகமோ, வீட்டில் சொத்து பற்றி நெருக்குதலோ வந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேளுங்கள்.

நாலரை மணிப் பேச்சை நிறுத்த வேண்டாம். இன்றைக்குப் பேசும்போது, நாளைக்கு டாக்டரிடம் போகிறேன் என்று அவரிடமும் சொல்லிவிடுங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.